டிக்கிக்குள் அடங்காத பியானோ

பியானோ கடைக்குள் அத்தான் நுழைந்தபோது அவர் கையில் இஞ்ச் டேப் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் காரின் டிக்கியைத் திறந்து, குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை என்று அளந்து, அளவை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாசிக்கப்போகிறவள் நான். என் கை எவ்வளவு விரியும் என்று யாரும் அளக்கவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்கா பாடுவாள், நான் கீபோர்டு வாசிப்பேன், அத்தான் எங்களுக்கு மேனேஜர். அவரை யார் நியமித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கார் அவருடையது, அதனால் அவரே நியமித்துக்கொண்டார் போலிருக்கிறது. ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் எங்கள் நிகழ்ச்சி நடக்கும். போஸ்டரில் அக்காவின் முகம் பெரிதாக இருக்கும். மேடையில் என்னைப் பற்றி ஒரே வரிதான் சொல்வார்கள்: "கீபோர்டில் அவருடைய தங்கை." இத்தனை வருடங்களில் நான் தங்கையாக இருந்ததற்குத்தான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

பழைய கீபோர்டு போன மாதம் படுத்துவிட்டது. நடுவில் சில கீகள் அழுத்தினாலும் பேசவில்லை. அதே சமயத்தில்தான் எனக்கு ஒரு வாய்ப்பும் வந்தது. ஒரு சின்ன அரங்கத்தை நடத்துகிற அம்மாள், ஓட்டலில் அக்கா வருவதற்கு முன்னால் நான் சும்மா வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"இது யாரோட மியூசிக்?"

"என்னோடதுதாங்க."

"எங்க அரங்கத்துல உங்க அக்கா பாடற அன்னிக்கு, முதல் இருபது நிமிஷம் நீங்க தனியா வாசிங்க. எங்ககிட்ட பியானோ கிடையாது, நீங்கதான் கொண்டு வரணும். முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று அத்தான் பிறகு கேட்டார். என்னைக் கேட்டுத்தான் சொன்னேன்.

மத்தியான வேளையில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். அங்கே ஒரு பழைய மரப் பியானோ உண்டு. பிள்ளைகள் போன பிறகு அதில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியதுதான் அந்த இசை. பியானோவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு கையும் ஓடும். அதை நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பேராசை ஒன்றுமில்லை, இருபது நிமிட ஆசை.

ஆகவே கடைக்குப் போனோம். விற்பனையாளர் டை கட்டிக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். கேள்வி கேட்டது நான். பதில் சொன்னது அத்தானுக்கு.

"கீ எல்லாம் பாரமா இருக்குமா?" என்று கேட்டேன்.

"சார், இதுல அறுநூறு சவுண்டு இருக்கு சார்."

"நான் கீயைப் பத்திக் கேட்டேன்."

"ஹெலிகாப்டர் சத்தம்கூட இருக்கு சார்." ஒரு பொத்தானை அழுத்தினார். கடைக்குள் ஹெலிகாப்டர் பறந்தது. அத்தான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எந்த ஊர்க் கச்சேரியில் ஹெலிகாப்டரைக் கேட்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வரிசையாக ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாக வால்யூமை அடியோடு குறைத்தேன். விற்பனையாளர் பதறிப்போனார்.

"மேடம், அடைச்சுட்டீங்களே! ஒண்ணும் கேக்காதே?"

"இப்ப கேக்க வேண்டாம். முதல்ல கை பாக்கட்டும்."

இது என் வழக்கம். சத்தத்தை நம்பி வாங்கினால் ஏமாந்துபோவோம். கடையில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். சத்தம் சரியில்லை என்றால் நாளைக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கி மாட்டலாம், அரங்கத்தில் எப்படியும் அவர்கள் ஸ்பீக்கர்தான். கீ சரியில்லை என்றால் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. மெதுவாக அழுத்தினால் விரலுக்குக் கீழே ஒரு எதிர்ப்பு இருக்க வேண்டும். ஒரே கீயைத் திரும்பத் திரும்பத் தட்டினால் அது முழுக்க மேலே வருமுன்பே அடுத்த தட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டு பழகும்போது கீழ்வீட்டுக்காரருக்கு இசை கேட்காது, கீ இடிக்கிற டொக் டொக்தான் கேட்கும். அந்த டொக் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவும் சத்தத்தை அடைக்கத்தான் வேண்டும்.

பல விளக்குகள் மினுமினுத்த ஒன்று சீப்பின் பல் மாதிரி லேசாக இருந்தது. விலை அதிகமான ஒன்று விரலோடு மல்லுக்கு நின்றது. கடைசியில் சுவர் ஓரமாக, தூசி துடைக்காத கறுப்பு ஸ்டேஜ் பியானோ, மேடைக்கு எடுத்துப்போகிற மின்சாரப் பியானோ, ஒன்று கிடைத்தது. எண்பத்தெட்டு கீயும் முழுசாக இருந்தன. திரையும் இல்லை, தாளமும் இல்லை. கையை வைத்ததும் பள்ளிக்கூடத்து மரப் பியானோவுக்குத் தங்கை மாதிரி இருந்தது. விலையும் எங்கள் சக்திக்குள்தான். பிறகு ஹெட்போன் போட்டுக் கேட்டேன். அதுவும் யோக்கியமாகவே இருந்தது.

"இதுதான்," என்றேன்.

"சார், இது வெறும் பியானோதான் சார்," என்றார் விற்பனையாளர் வருத்தத்தோடு. "உள்ள வேற ஒண்ணும் இல்ல."

அத்தான் டேப்பை இழுத்து அதன்மேல் வைத்தார். உள்ளங்கையைப் பார்த்தார். மறுபடி பியானோவைப் பார்த்தார். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "பணத்தைக் கட்டிடுங்க அத்தான், பெடல் நல்லதா ஒண்ணு சேர்த்து வாங்கிடுங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அக்காவும் நானும் சம்பாதிப்பது அவர் கையில்தான் இருக்கும். அதையும் யார் முடிவு செய்தார்கள் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் அக்கா வீட்டுக் கூடத்தில் அட்டைப் பெட்டி வந்திறங்கியது. பிரித்தோம். அதே கறுப்பு, அதே கம்பெனி, அதே பொத்தான்கள். ஆனால் குட்டை. இடது பக்கம் ஏழு கீயைக் காணோம், வலது பக்கம் எட்டைக் காணோம்.

"அத்தான், இது நான் சொன்னது இல்லையே!"

"அதேதாம்மா. அதுக்குத் தம்பி. டிக்கியில கரெக்டா உக்காருது பாரு," என்றார் பெருமையாக. "பதினஞ்சு கீதானே குறைவு? ஓரத்துல இருக்கறத யாரு வாசிக்கறா?"

"நான் வாசிக்கறேன்!"

"அப்ப இதோ." ஒரு பொத்தானை அழுத்தினார். "விற்கறவர் சொல்லிக்கொடுத்தார். இப்ப எல்லாக் கீயோட சத்தமும் கீழ இறங்கிடுச்சு. உனக்கு வேண்டியது கிடைச்சுதா?"

கீழே வேண்டியது கிடைத்தது. மேலே இருந்தது போய்விட்டது. சின்னப் போர்வையைக் காலுக்கு இழுத்தால் தலை குளிர்கிற கதைதான். ஒரே நேரத்தில் இரண்டு கோடியிலும் வாசிக்கிற இசைக்குப் பொத்தான் என்ன செய்யும்? இதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சோபாவில் உட்கார்ந்து தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

"பாட்டுக்கு இது போதும்டி," என்றாள் அக்கா. "உன் இருபது நிமிஷம் ஒரு நாள் கூத்து. நம்ம நிகழ்ச்சி வருஷம் முழுக்க நடக்கணும் இல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! ஒரு விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்காவுக்குக் குரல் முன்போல இல்லை. அவளுடைய உயரமான பாட்டுகள் அவளுக்கு எட்டுவதில்லை. எட்டாததை யாருக்கும் தெரியாமல் நான்தான் எட்ட வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் சுருதியை அரைக் கட்டை இறக்கினேன். பிறகு இன்னொரு அரை. பிறகு இன்னொன்று. கேட்பவர்களுக்குச் சந்தேகம் வராதபடி முன்னிசையைக் கொஞ்சம் மாற்றிப் பளபளப்பாக்கிவிடுவேன். இன்னும் அவளுக்குக் குரல் குறையவே இல்லையே என்று ஜனங்கள் மெச்சுவார்கள். அவளும் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொள்வாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை. அவளுக்கே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலையில் ஒரு சரக்கு வண்டியை அமர்த்திக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். குட்டைப் பியானோவை நானும் டிரைவருமாகத் தூக்கி ஏற்றினோம். அக்கா வாசலில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை, உதவவும் இல்லை. கடையில் அதே டை, அதே சிரிப்பு.

"சார் வரலையா மேடம்?"

"சார் வாசிக்கறது இல்ல."

"இல்ல மேடம், சார் ஓகே சொன்னா மாத்திக் குடுத்துடுவோம். ஒரு போன் மட்டும்..."

"அன்னிக்கு எல்லாத்தையும் அடைச்சு வெச்சு வாசிச்சது யாரு? சாரா?" கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டுவிட்டேன். "இந்தக் கடையில என் காசு வாங்குவீங்க, என் பேச்சை வாங்க மாட்டீங்களா?"

அவர் பில் புத்தகத்தை எடுத்தார். வித்தியாசத்தை என் பள்ளிச் சம்பளத்திலிருந்து கட்டினேன். சுவரோரத்துக் கறுப்புப் பியானோ எனக்குக் கிடைத்தது. அன்று முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தேன். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரவில்லை.

அரங்கத்துக்கும் சரக்கு வண்டியில்தான் போனேன். பியானோ பின்னால் நெடுக்காகப் படுத்திருந்தது, நான் டிரைவர் பக்கத்தில். அத்தான் வாசலிலேயே வழிமறித்தார்.

"நிகழ்ச்சி முடியட்டும், பேசிக்கறேன்," என்றார். எல்லார் முன்னாலும் கத்த முடியாமல் அவர் முகம் வீங்கிப்போயிருந்தது.

"பேசிக்கலாம் அத்தான். இப்ப அந்தப் பக்கம் பிடிங்க, படியில இடிக்கும்."

பிடித்தார்.

என் இருபது நிமிடத்தைப் பற்றி நானே சொன்னால் நன்றாக இருக்காது. இரண்டு கோடிக்கும் போனேன், திரும்பி வந்தேன். நடுவில் ஓரிடத்தில் இடது கை தடுமாறியது. கடைசியில் எல்லாரும் கைதட்டினார்கள். அந்த அம்மாள் முன்வரிசையில் எழுந்து நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைப் போய் ஒரு நாள் கூத்து என்று சொல்லிவிட்டாளே என்று அதே நேரத்தில் நெஞ்சு கொதித்தது.

அக்கா பட்டுப் பளபளப்போடு மேடைக்கு வந்தாள். முதல் பாட்டு அவளுடைய பேர்போன பாட்டு. நான் முன்னிசையை ஆரம்பித்தேன். அரைக் கட்டைகூட இறக்காமல், அவள் இருபது வயதில் பாடிய அதே சுருதியில் வாசித்தேன்.

வேண்டுமென்றேதான் செய்தேன். பாடட்டும், எட்டினால் எட்டட்டும் என்று நினைத்தேன்.

முன்னிசை முடிந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. நான் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆச்சரியமே இல்லை. என்ன நடக்கிறது என்று தெரியாதவளின் பார்வை அல்ல அது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்குத் தெரியும்! ஒவ்வொரு அரைக் கட்டையும் இறங்க இறங்க அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தலையைச் சாய்த்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் பாட்டுக்கு இது போதும் என்றாள்.

நான் கீயிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இனி ஒரு சுரம்கூட நானாக வாசிப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். அரங்கத்தில் யாரோ இருமினார்கள். ஓரத்தில் நின்ற அத்தான் கையை ஆட்டி ஆட்டி எனக்குச் சைகை காட்டினார்.

அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"மன்னிக்கணும்," என்றாள். "இந்தப் பாட்டை இந்தச் சுருதியில என்னால இப்ப பாட முடியாது. ரொம்ப வருஷமாவே முடியாது. எனக்காக இறக்கி வாசிச்சது இவதான். நான் ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்ல."

அக்கா மைக்கைக் கீழே இறக்கிவிட்டு என்னருகே வந்து குனிந்தாள்.

"எவ்வளவு இறக்கணும்னு எனக்கே தெரியாதுடி," என்றாள். "நீ பார்த்து வாசி."

எனக்குத் தெரியும். கையை எடுத்துக் கீயின்மேல் வைத்தேன்.