ஒன்பதாவது கடகம்

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் பாதையில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் சுந்தர்ராஜின் வீடு இருந்தது. வீடு என்னவோ இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும்தான். ஆனால் பின்புறம் முக்கால் ஏக்கர். அவனுடைய அப்பா சோளம் விதைத்த நிலம். சுந்தர்ராஜ் அதில் சோளமும் போடவில்லை, மிளகாயும் போடவில்லை. பனையோலையில் முடைந்த ஒன்பது கடகப் பெட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் ஜெபராணி பின்கதவைத் திறந்து பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்தக் கடகங்கள்தான். வேப்பமரத்தில் ஒன்று, பனையில் ஒன்று, கோழிக்கூட்டுக்கு மேலே ஒன்று. என்னவோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டாள். "மூடி எறியறதுக்கு" என்றான் அவன், வெட்கத்தோடு.

அவன் ஓர் அச்சாபீசில் ஓவியன். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ஒட்டுகிற லேபிள்களுக்குக் கிளியும் ரோஜாவும் புலியும் அச்சு எடுக்கிற கல்லில் எழுதுகிறவன். அச்சாபீசில் மை டப்பாக்கள் காலியாகும். அவற்றின் மூடிகள் தட்டையாக, விளிம்பு சுருண்டு, ஒரு சாண் அகலத்தில் இருக்கும். ஒருநாள் குப்பையில் போடுவதற்காக ஒரு மூடியைச் சுழற்றி வீசினான். அது காற்றில் மிதந்து போய், கிளையில் மாட்டியிருந்த கடகத்துக்குள் பதவிசாக உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஒரு கல்லில் நின்று எறிய வேண்டும். மூடி விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். கடகத்துக்குள் விழுகிற வரைக்கும் எத்தனை எறி என்று கணக்கு. ஒன்பது கடகத்துக்கும் சேர்த்து யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர்.

கிணற்றைத் தாண்டிப் போக வேண்டிய ஐந்தாவது கடகத்தில் மூடி கிணற்றுக்குள் விழுந்தால், எறிந்தவர்தான் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். ஏழாவது கடகம் பக்கத்து வீட்டில் இருக்கும் அவன் அக்கா பொன்னுத்தங்கத்தின் வேலியோரம். வேலியைத் தாண்டி விழுந்த மூடி திரும்பி வராது. பொன்னுத்தங்கத்தின் அடுக்களையில் மோர்ச்சட்டி முதல் உப்புப்பானை வரை எல்லாவற்றுக்கும் மை டப்பா மூடிதான்.

ஒன்பதாவது கடகம் வாகை மரத்தின் உச்சாணிக் கிளையில். ஏறி எடுக்க முடியாது என்பதால் கப்பி போட்டுக் கயிறு கட்டியிருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் அதற்குள் போய்விடும். ஜெயித்தவர் கயிற்றை இறக்கி எடுத்துக்கொள்ளலாம். இதுவரை ஜெயித்தது எப்போதும் சுந்தர்ராஜ்தான், தின்றது எல்லோரும்.

அறுபத்தொன்றாம் வருடம், தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபராணிக்குக் காராச்சேவின் மேலும் மனமில்லை, கடகத்தின் மேலும் மனமில்லை.

அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ வார்டை எடுத்து நடத்துவதற்கான ஒரு வருடப் படிப்புக்கு வேலூரில் இடம் கேட்டு மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கிடைக்காத இடம், கல்யாணமான ஐந்தாம் மாதம் கிடைத்தது. போன திங்கட்கிழமை படிவம் வந்தது. கீழே ஒரு கட்டம்: கணவரின் சம்மதம், கையெழுத்து. நாளைக் காலைத் தபாலில் போகாவிட்டால் இடம் வேறொருத்திக்கு.

படிவத்தைச் சுந்தர்ராஜ் வாங்கிப் படித்தான். இரண்டு தரம் படித்தான். "சரி, இருக்கட்டும்" என்று சட்டைப்பையில் வைத்தான். செவ்வாய்க்கிழமை கேட்டாள். "ஞாயித்துக்கிழமை தாரேன்" என்றான். புதன் கேட்டாள். அதே பதில். வியாழனும் வெள்ளியும் அவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கே நேரங்கழித்து வந்தான். சனிக்கிழமை அவள் கேட்கவில்லை. வாய்விட்டு மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்படுகிற மனிதன், நாளைக் கடத்தியே மாட்டேன் என்று சொல்கிறான். அவளுக்கு அப்படித்தான் பட்டது.

கோவிலில் ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, வெயில் சாய்ந்ததும் காதர் பாட்சா சைக்கிளில் வந்து இறங்கினார். அச்சாபீசுகளுக்குக் காகிதம் விற்கிறவர், சுந்தர்ராஜின் சிநேகிதர்.

"மாப்ளே, இன்னைக்கு அந்தச் சேவுப் பொட்டலத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோகாம விடமாட்டேன். என் வீட்டுக்காரி சபுராகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

வேலிக்கு அப்பால் பொன்னுத்தங்கம் முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். "போன வாரமும் இதையேதான் சொன்னீக. பாவம், அந்தப் புள்ள வாசல்லயே காத்துக் கெடந்திருக்கும்."

"நானும் வாரேன்" என்று ஜெபராணி ஒரு நீல மூடியைக் கையில் எடுத்தாள். உள்ளே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

சுந்தர்ராஜ் திடுக்கிட்டது போல் இருந்தது. "நீயா? சரி... வா" என்றான்.

முதல் இரண்டு கடகத்தில் அவளுடைய மூடி தோசைக்கல் மாதிரி தொப்பென்று விழுந்தது. மூன்றாவதில் காதர் பாட்சாவுக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, கல்லெறியற மாதிரி எறியாதீக. ஆஸ்பத்திரியில தர்மாமீட்டரை உதறுவீகள்ல? அந்த மணிக்கட்டு. அம்புட்டுத்தான்."

அவள் ஒரு நாளைக்கு நாற்பது தரம் தர்மாமீட்டர் உதறுகிறவள். உதறினாள். நீல மூடி கையை விட்டுக் கிளம்பி, மிதந்து, கோழிக்கூட்டுக்கு மேலே இருந்த கடகத்துக்குள் ஒரே எறியில் போய் விழுந்தது. கோழிகள் கத்தின.

"ஏ அப்பா!" என்றாள் பொன்னுத்தங்கம், முறத்தை மறந்துவிட்டு.

அதற்குப் பிறகு ஜெபராணியின் கோபம் முழுக்க மணிக்கட்டில் இறங்கியது. ஆச்சரியம் என்னவென்றால், ராஜா மாதிரி எறிகிற சுந்தர்ராஜுக்குத்தான் அன்று ஒன்றுமே ஓடவில்லை. மஞ்சள் மூடி பனையில் மோதித் திரும்பி வந்தது. ஐந்தாவதில் நேராகக் கிணற்றுக்குள் போனது.

"லே சுந்தரு, உனக்கு என்னலே வந்துச்சு?" என்று அக்கா வேலியிலிருந்து கேட்டாள். "பொண்டாட்டிக்கு விட்டுக் குடுக்கியா?"

காதர் பாட்சா சிரித்துக்கொண்டே ஆறாவது கல்லுக்கு நடந்தார். சுந்தர்ராஜ் பாதாளக்கரண்டியைக் கிணற்றில் இறக்கினான். ஜெபராணி கிணற்றடியிலேயே நின்றாள். கயிறு தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றாள் மெதுவாக. "கையெழுத்துப் போடுவீகளா, மாட்டீகளா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிருங்க. நான் அழமாட்டேன்."

அவன் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒம்பதாவது முடியட்டும், ராணி."

"விளையாட்டு முடியற வரைக்குமா? எனக்கு இது விளையாட்டு இல்லைங்க."

"தெரியும்" என்றான். மேலே வந்த பாதாளக்கரண்டியில் மூடிக்குப் பதில் ஒரு பழைய செம்பு சிக்கியிருந்தது. மறுபடி இறக்கினான்.

ஏழாவதில் காதர் பாட்சா ஒரே எறியில் போட்டுவிட்டார். எட்டாவதில் இரண்டே எறி. அவரும் ஜெபராணியும் சமம். சுந்தர்ராஜ் எட்டு எறி பின்னால். "சபுரா, பொட்டலம் வருதுடி!" என்று அவர் மேற்கே பார்த்துக் கத்தினார்.

சுந்தர்ராஜின் முகம் வெளுத்துப்போனதை ஜெபராணி பார்த்தாள். "பாட்சா, இன்னைக்கு வேணும்னா பொட்டலத்தை மட்டும் நான் எடுத்து..." என்று ஆரம்பித்தான்.

"அதெல்லாம் நடக்காது. சட்டம் போட்டதே நீதான். ஜெயிச்சவன்தான் கயித்தை இறக்கணும்."

ஒரு பொட்டலம் சேவுக்கு இந்த மனிதர் இப்படிப் பதறுகிறார். என்னுடைய ஒரு வருடத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. ஜெபராணி நீல மூடியை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

ஒன்பதாவது கல்லில் காதர் பாட்சா நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். காலை அகட்டினார். சிவப்பு மூடி நன்றாகத்தான் கிளம்பியது. வாகை மரத்தின் நெற்றுக்காய்களைச் சலசலக்க வைத்துவிட்டு, மேற்காற்றில் ஏறி, வேலியைத் தாண்டிப் பொன்னுத்தங்கத்தின் மடியிலிருந்த முறத்திலேயே விழுந்தது.

"ஊறுகாய்ச் சாடிக்கு ஒண்ணு வேணும்னு இப்பத்தான் நெனச்சேன்" என்றாள் அவள்.

ஜெபராணி கல்லில் ஏறினாள். கடகம் எங்கேயோ வானத்தில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் தலைமாட்டில் நிற்பது போல் மூச்சை நிறுத்திக்கொண்டு, உதறினாள். நீல மூடி போனது, சாய்ந்தது, தயங்கியது, கடகத்தின் விளிம்பில் ஒரு தரம் ஆடி உள்ளே விழுந்தது.

காதர் பாட்சா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சுந்தர்ராஜ் மட்டும் நீண்ட மூச்சு ஒன்றை வெளியே விட்டான். தானே ஜெயித்தது போல அவன் முகம் தெளிந்தது.

"இறக்கு" என்றான். "நீயே இறக்கு."

கப்பி கிறீச்சிட்டுக் கடகம் கீழே வந்தது. உள்ளே நீல மூடி. அடியில் சேவுப் பொட்டலம். அதற்குப் பக்கத்தில் செய்தித்தாளில் சுருட்டி, நூல் கட்டிய ஒரு குழல்.

ஜெபராணி நூலை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு தாள்கள். முதல் தாள் வேலூரிலிருந்து வந்த படிவம்தான். கணவரின் சம்மதம் என்ற கட்டத்தில் சுந்தர்ராஜின் கையெழுத்து, செவ்வாய்க்கிழமை தேதியோடு. ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில், அவளுடைய பெயரின் மேலேயே, ஒரு பெரிய மஞ்சள் கட்டைவிரல் அடையாளம். அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கப் பார்த்து, மஞ்சள் ஒரு வட்டமாகப் பரவியிருந்தது.

"வேலை நடுவுல கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றான் அவன். "விரல்ல மை இருந்ததைப் பாக்கலை. இப்படி அனுப்பினா உன்னைத் தள்ளிருவாகளேன்னு..."

"அதுக்கு?"

"புதுசா ஒண்ணு அடிச்சேன்."

அவள் இரண்டாவது தாளை விரித்தாள். காதர் பாட்சா எட்டிப் பார்த்தார்.

வேலூர்ப் படிவம் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் அவன் கல்லில் இடம்வலம் மாற்றி எழுதியிருந்தான். அதோடு நின்றிருக்கலாம். லேபிள் எழுதுகிற கையால் நிற்க முடியவில்லை. நாலு பக்கமும் ரோஜாக்கொடி. மேலே இரண்டு மூலையிலும் பச்சைக்கிளிகள். நடுவே, படிவத்தின் தலைப்புக்குப் பின்னால், மத்தாப்பு மாதிரி கதிர் விரிகிற சூரியன்.

"மஞ்சள் புதன்கிழமை" என்றான் சுந்தர்ராஜ், தரையைப் பார்த்து. "ஒரு நிறம் காஞ்சாத்தான் அடுத்தது போட முடியும். சிவப்பு வியாழன். நீலம் வெள்ளி. கறுப்பு நேத்து. அதான் ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்."

காதர் பாட்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ளே, இதைப் பாத்தா வேலூர்க்காரன் சேத்துக்க மாட்டான்லே. ரெண்டு குரோசு லட்சுமி வெடி ஆர்டர் போடுவான்!"

பொன்னுத்தங்கம் வேலிப்படலை நகர்த்திக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "கிளி நல்லாத்தான் இருக்கு. சம்மதம்னு வாயால சொல்றதுக்கு இவனுக்கு நாலு நிறம் வேணுமாக்கும்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "ஒரு வருசமா? கல்யாணம் முடிஞ்சு அஞ்சு மாசம்தானலே ஆவுது" என்றாள்.

ஜெபராணி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தாளின் அடியில், ரோஜாக்கொடி முடிகிற இடத்தில், லேபிளில் கம்பெனி விலாசம் போடுகிற பொடி எழுத்தில் தமிழில் ஒரு வரி இருந்தது. அவள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

'விடுமுறை நாட்களை முன்னதாகத் தெரிவிக்கவும். கணவர் ரயிலடிக்கு வர வேண்டும்.'

"இது அந்தப் படிவத்துல இல்லையே" என்றாள்.

"இல்ல. அது நான் போட்டது."

"நான் போகணும்னு உங்களுக்கு மனசு இருக்கா? நெசமாச் சொல்லுங்க."

அவன் கப்பிக் கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான். இந்தத் தடவை அவள் காத்திருந்தாள். காய வேண்டியது காயட்டும் என்று காத்திருந்தாள்.

"மனசு இல்ல" என்றான் கடைசியில். "போகக்கூடாதுன்னும் மனசு இல்ல. போயிட்டு வந்து நீ அந்த வார்டுல நிக்கிறதைப் பாக்கணும். நடுவுல இருக்கிற ஒரு வருசம்தான் என்ன செய்யறதுன்னு தெரியல."

"மூடி எறியுங்க" என்றாள் ஜெபராணி. "இன்னைக்கு எறிஞ்சது கண்ணால பாக்கச் சகிக்கல."

"சோறு?" என்றான் அவன், அக்காவைப் பார்த்து.

"என்னை என்னலே பாக்குற? எங்க வீட்டுல சட்டி இருக்கு, மூடியும் இருக்கு" என்றாள் பொன்னுத்தங்கம். காதர் பாட்சாவின் சிவப்பு மூடியை அவள் இடுப்பில் செருகியிருந்தாள்; அதைத் திருப்பித் தருகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

சேவுப் பொட்டலம் பிரிந்தது. பாதியைக் காகிதத்தில் மடித்துக் காதர் பாட்சாவிடம் கொடுத்தாள் ஜெபராணி. "சபுரா மதினிகிட்ட நீங்கதான் ஜெயிச்சீகன்னு சொல்லிக்கிடுங்கண்ணே." அவர் சைக்கிளில் ஏறி, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் லட்சுமி வெடி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

விளக்கு வைப்பதற்கு முன்னால் ஜெபராணி உறையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மஞ்சள் விரல் பதிந்த முதல் படிவத்தை மடித்து உள்ளே வைத்தாள். சுந்தர்ராஜ் பதறினான்.

"அதையா அனுப்புற? புதுசு?"

"புதுசு எனக்கு. பெட்டிக்குள்ள போட்டுக் கொண்டுபோவேன். இதுல கையெழுத்து தெளிவாத்தான இருக்கு. மை பட்டா என்ன? வீட்டுக்காரர் வேலை பாக்கிறவர்னு தெரிஞ்சுக்கிடட்டும்."

உறையை ஒட்டுவதற்கு அவன் கையை நீட்டினான்.

"மொதல்ல கையைக் காட்டுங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினான். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது. அவள் உறையைத் தானே ஒட்டினாள். பிறகு, நாளைக் காலைத் தபாலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்ததால், அந்தக் கையை விடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.