முதல் செம்பு

"வயித்துல கை வச்சுப் பாருங்க பெரியம்மா, எப்படிக் கொதிக்குதுன்னு!" செம்பு பாய்லரைத் தட்டிக் காட்டினாள் நசீரா.

"பாய்லரு கொதிக்குதும்மா. அண்டாவுல விழுற தண்ணி பச்சையால்ல இருக்கு." மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த பெரியம்மா, ஈரக் கையை உதறிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே கட்டிலில், வெள்ளைத் துணிக்குக் கீழே நசீராவின் மாமியார் ரம்லத் பீவி. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், டாக்டருக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். இலந்தை இலையும் கற்பூரமும் தயாராக இருந்தன. இளஞ்சூட்டுத் தண்ணீர்தான் பாக்கி.

இலுப்பூரில் அது அறுபதாம் வருஷத்து மார்கழி. திருச்சியிலிருந்து பஸ் கூரையில் ஏறி வந்த அந்த பாய்லர் மாமிக்காக வாங்கியது. மற்றவர்களுக்குக் கிணறு. நடுக்குழாயில் கரியைப் போட்டு மூட்ட வேண்டும். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், பக்கத்து மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும். தினமும் நசீராதான் மூட்டுவாள். முதல் செம்பில் விரலை விட்டுப் பார்ப்பாள். சுள்ளென்று சுடும். குளிக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்பது மாமிக்கு ஆகாது. தட்டியை இழுத்துச் சாத்திவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்த வீட்டில் நசீராவுக்குத் தெரியாத வேலை கிடையாது. அதை அவளே சொல்லிக்கொள்வாள், பிறரும் ஒத்துக்கொள்வார்கள். அதனால்தான் ஒரு மாதத்துக்கு முன் மாமி நடுங்கிக்கொண்டே வந்து, "தண்ணி சுடலையேம்மா" என்றபோது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தொட்டுப் பாத்துட்டுத்தான மாமி குடுத்தேன்? வயசானா நெருப்புகூடக் குளுரத்தான் செய்யும்!" அடுத்த வீட்டுச் செங்கமலத்திடமும் இதைச் சொல்லிச் சிரித்தாள். மாமி இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்லவில்லை. நசீராவிடம் பேசி ஜெயித்தவர் யார்?

செங்கமலம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நசீரா, ஒங்க வீட்டுல இன்னைக்கி அடுப்பு மூட்டக் கூடாதுல்ல. எங்க அடுப்புல ரெண்டு அண்டா ஏத்திட்டேன். இந்தா கொண்டாறேன்."

தண்ணீர்க் கவலை அத்தோடு தீர்ந்தது. பெரியம்மா உள்ளே போனாள். ஆனால் நசீரா பாய்லரை விட்டு நகரவில்லை. ஒரு செம்பு ஊற்றினாள். கொதிக்கக் கொதிக்க வந்தது. இரண்டாவது வெதுவெதுப்பு. மூன்றாவது கிணற்றுத் தண்ணீரேதான்.

கரி குறைவோ? சிவந்து கனிந்திருந்தது. சாம்பல் அடைப்போ? கம்பியை விட்டுக் குத்தினாள், பொலபொலவென்று கொட்டியது. புகை தடையில்லாமல் போனது. நெருப்பில் குற்றமில்லை.

அவள் கணவன் அப்துல் மஜீது தேடி வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. "மய்யித்தத் தூக்கச் சந்தூக்குப் பெட்டி வந்துருச்சு நசீரா. இங்க என்ன பண்றே?"

"பாய்லரப் பாக்குறேன் மச்சான்."

"இன்னைக்கா?"

"இன்னைக்கித்தான்."

துணியைச் சுற்றிப் புனலைப் பிடித்துத் திருகி வெளியே எடுத்தாள். புனலோடு சேர்ந்த குழாய் பாய்லரின் அடிவரைக்கும் இறங்க வேண்டும். பச்சைத் தண்ணீரை அடியில் கொண்டுபோய் விட்டால்தான் வெந்நீர் மேலே எழும்பும். கையில் வந்தது நாலு விரல் நீளம்தான். மீதி, உப்புத் தண்ணீர் அரித்து, எப்போதோ ஒடிந்து உள்ளே விழுந்திருந்தது. ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் நேரே மூக்கு வழியாகவே வெளியே வந்துகொண்டிருந்தது.

மஜீது அதை வாங்கிப் பார்த்தான். "இதானா? நாளைக்கி ஈயம் வச்சு ஒட்டிக்கலாம், விடு."

"மாமி தண்ணி சுடலைன்னாங்க மச்சான். ஒரு மாசமா."

"அப்படியா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

மகனிடம்கூட மாமி அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தத் தண்ணீரால் மாமி சாகவில்லை, அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன? முப்பது நாள் காலையில் மாமி நடுங்கிக்கொண்டு குளித்தது குளித்ததுதான்.

செங்கமலத்தின் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து பதம் பார்த்தது நசீராதான். மேலாக ஒரு தரம், அடிவரை கையை விட்டு ஒரு தரம், கலக்கி இன்னொரு தரம். "போதும்மா, நேரமாகுது," என்று பெரியம்மா சொல்ல வேண்டியிருந்தது. பெரியம்மா தேய்க்கத் தேய்க்க, நசீரா மெதுவாக ஊற்றினாள்.

சந்தூக்கு தெருமுனை திரும்பியதும் வீடு வெறிச்சென்று ஆனது. மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களும் குளிக்க வேண்டும். பெரியம்மா குளித்துவிட்டுப் போனபின் நசீரா தட்டிக்குள் போனாள். நாலு விரல் குழாயோடு புனலை அப்படியே பாய்லரில் மாட்டினாள். கரி இன்னும் கனிந்திருந்தது.

"நசீரா, தட்டிக்கிட்ட வெந்நி வச்சிருக்கேன். எடுத்துக்க," என்று வெளியே செங்கமலத்தின் குரல் கேட்டது.

"இருக்கட்டும்க்கா."

முதல் செம்பு வந்தது. ஆவி பறந்தது. அதைச் சாக்கடையில் கொட்டினாள். இரண்டாவதையும் கொட்டினாள். மூன்றாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். மூச்சு ஒரு கணம் நின்று வந்தது. நாலாவது முதுகில் இறங்கியபோது பல் கிட்டித்தது.

மாமி ஒரு நாளும் பத்துச் செம்புக்குக் குறைந்து குளித்ததில்லை. நசீரா புனலில் அடுத்த செம்பை ஊற்றினாள்.