வள்ளி தங்கிய வீடு

வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வள்ளிக்காக எப்சிபா ஏறெடுத்த ஜெபம் நன்றாகவே அமைந்தது. டெல்லியில் இடிபடப்போகும் மதராசி கேம்ப் குடிசை வீடுகளுக்காக, அதற்குப் பதிலாக ஊருக்கு வெளியே நரேலாவில் ஃபிளாட் ஒதுக்கப்படாத குடும்பங்களுக்காக, குறிப்பாகத் தன் வீட்டில் வேலை பார்க்கும் சகோதரி வள்ளிக்காகவும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்காகவும் அவள் மன்றாடினாள். வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆமென் சொல்லி எல்லோரும் டீக்கு எழுந்தபோது, கடைசி வரிசையில் இருந்த வள்ளி பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, எடம் கெடைக்கிற வரைக்கும் சர்ச் ஹால்ல படுத்துக்கலாமா? நானும் பொண்ணுங்களும் மட்டுந்தான்."

"கமிட்டில கேக்கணும்மா" என்றாள் எப்சிபா.

கேட்கவும் செய்தாள். இரவில் யாரும் ஹாலில் தங்கக்கூடாது என்று விதி இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் நாளை எல்லோருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். ஆட்டோவில் வீடு திரும்பும்போது, பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட மகன் ஜெபினின் அறை அவள் நினைவுக்கு வராமல் இல்லை. கதவைச் சாத்தி இரண்டு வருஷமாகிறது. ஆனால் கணவர் இராஜமாணிக்கம் சம்மதிக்க மாட்டார். அமைச்சகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு நாற்காலி இடம் மாறினாலும் காரணம் கேட்பவர். அதனால் அவள் கேட்கவில்லை. கேட்காமலே கிடைத்த அந்த மறுப்பு அவளுக்கு வசதியாக இருந்தது.

ஜூன் மாத வெயிலில் கேம்ப் இடிக்கப்பட்டது. அன்று வள்ளி வேலைக்கு வரவில்லை. மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். தலைமுடியில் இன்னும் சிமெண்டுத் தூசி இருந்தது.

"எங்கம்மா தங்கியிருக்க?"

"போகல் ஏரியால, சுகிர்தாக்கா வீட்ல. நேத்து அவங்க சபைக்காரங்கல்லாம் வந்து தண்ணி குடுத்தாங்க, சாமான் தூக்குனாங்க. வா பிள்ளைன்னு அவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க." வள்ளி குழாயை மூடினாள். "மொகம் உங்கள மாதிரியே இருக்கேன்னு கேட்டேன். தங்கச்சின்னாங்க."

எப்சிபா ஹாலுக்கு வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

சுகிர்தாவோடு பேசி ஏழு வருஷமாகிறது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதலில், நகை கூடாது என்று கம்மலைக் கழற்றினாள். பிறகு, குழந்தையில் தெளித்த ஞானஸ்நானம் செல்லாது என்று தண்ணீரில் மூழ்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வேறு சபைக்குப் போனாள். அதுவரைகூட எப்சிபா பொறுத்துக்கொண்டாள். ஆனால் சொந்த ஊரான நாசரேத்தில் அம்மாவின் சவப்பெட்டியை மூடப்போகிற நேரத்தில், எல்லோரும் பார்த்திருக்க, "அம்மா முழுக்கு எடுக்காமலே போயிட்டாளே" என்று சுகிர்தா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எழுபத்தெட்டு வயதுவரை ஒரு திருவிருந்தும் தவறவிடாத அம்மா. ரயிலில் ஒரே பெட்டியில்தான் இருவரும் டெல்லிக்குத் திரும்பினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

இப்போது வள்ளியையும் முக்கி எடுத்துவிடுவாள் என்று எப்சிபாவுக்குத் தோன்றியது. ஐக்கியத்துப் பெண்களுக்கும் அதுவே தோன்றியது. "நம்ம ஆட்டத்தான திருடுதாங்க" என்று ஒருத்தி சொன்னபோது மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஆடு மூன்று ஞாயிறாக அவர்கள் கோயிலிலேயே கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் எப்சிபா கணவரிடம் சொன்னாள். எதிர்ப்புக்குத் தயாராகத்தான் சொன்னாள். இராஜமாணிக்கம் செய்தித்தாளை மடித்தார். "ஜெபின் ரூம் சும்மாத்தான கெடக்கு? வரச் சொல்லேன். இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

அன்று சாயங்காலமே போகலுக்குப் போனாள். மூன்றாம் மாடிக்கு மேலே, மொட்டைமாடியில் ஒற்றை அறை. வள்ளியின் பெண்கள் கட்டிலில் உட்கார்ந்து இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுகிர்தாவுக்கு முடி நரைத்திருந்தது. "வாக்கா" என்றாள், போன வாரம் பார்த்தவளைப்போல.

எப்சிபா வள்ளியைப் பார்த்தே பேசினாள். "எங்க வீட்ல ஒரு ரூம் இருக்கு. பிள்ளைகள கூட்டிட்டு வந்துரு. வாடகைல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

வள்ளி சுகிர்தாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. வேல செய்யிற வீட்ல தங்குனா, வேல எப்ப முடியும்? இங்க இருந்தா ராத்திரி நான் சும்மா உக்காந்திருக்கலாம்."

எப்சிபா சட்டென்று திரும்பினாள். "அப்போ ஒங்க சபைக்கே சேத்தாச்சு" என்றாள் தங்கையிடம்.

"ஞாயித்துக்கெழம அவ ஒங்க கோயிலுக்குத்தான வாரா? நீ பாக்கலையா?" என்றாள் சுகிர்தா. "நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து நாந்தான் எழுப்பி அனுப்புதேன். எங்க சபைக்கு வரலன்னு எனக்கு வருத்தந்தான். இல்லன்னு சொல்லல."

எப்சிபா அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நீ எங்க படுக்க?"

"வெளியதான். தரையில."

"ஓம் முதுகு வலியோடயா?"

சுகிர்தா சுருட்டி வைத்திருந்த பாயைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மறுநாள் தான் வேலை பார்க்கும் ஆபீசிலிருந்து எப்சிபா சீக்கிரமே கிளம்பிவிட்டாள். ஜெபினின் இரும்புக் கட்டிலை இராஜமாணிக்கமும் வாட்ச்மேனும் சேர்ந்து ஈ-ரிக்‌ஷாவில் ஏற்றிக் கட்டினார்கள். எப்சிபாவும் கூடவே ஏறிக்கொண்டாள். போகலில் சந்துக்குள் வண்டி நுழையவில்லை. ரிக்‌ஷாக்காரன் வாசல்வரை தூக்கிவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். வள்ளி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. சுகிர்தா இறங்கிவந்து கட்டிலைப் பார்த்தாள், அக்காளைப் பார்த்தாள், தலைமாட்டைப் பிடித்தாள். எப்சிபா கால்மாட்டைப் பிடித்தாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் கட்டில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. கட்டிலின் ஒரு கால் கைப்பிடிக் கம்பிக்குள் நுழைந்திருந்தது.

"ஓம் பக்கம் சாய்ட்டி."

"சாய்ச்சிட்டுத்தான் இருக்கேன். நீ தூக்கு."

வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. சட்டங்களின் நடுவே தங்கையின் முகம் பாதி தெரிந்தது. மூச்சு வாங்கியபடி, "அக்கா, அன்னைக்கு அம்மா பெட்டிக்கிட்ட நான்..." என்று சுகிர்தா ஆரம்பித்தாள்.

"மொதல்ல கட்டிலப் பிடி. விட்ராத."

"பிடிச்சிருக்கேன்."

கீழ்வீட்டுக் கதவு திறந்து யாரோ என்ன சத்தம் என்று இந்தியில் கேட்டார்கள். மேலேயிருந்து பிள்ளைகள் இரண்டும் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு, "ஜல்தி ஆன்ட்டி, ஜல்தி!" என்று கத்தி அவசரப்படுத்தின. அரையிருட்டுப் படிகளில், மேலே ஒருத்தியும் கீழே ஒருத்தியுமாக, நடுவில் இரும்பின் கனத்தோடு, கையை எடுக்க முடியாமல் இருவரும் நின்றார்கள்.