ஆமோஸ் துரையின் பன்னிரண்டாவது தகடு

ஆமோஸ் ட்ரஸ்காட் என்ற மனிதரைப் பற்றி இந்தப் பூமியில் கவலைப்படுகிற ஒரே ஆள் மகிமாதான். தேனியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். கல்யாணப் பேச்செடுத்தால்கூட ஆமோஸ் துரை கதையில்தான் கொண்டுபோய் விடுவாள்.

அந்த மனுஷனும் பாவம்தான். அமெரிக்காவில் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளத்தில் மை தடவி அச்செடுப்பது தொழில். போட்டோ வந்தது, பிழைப்பில் மண் விழுந்தது. பாதிரியாராக இருந்த அண்ணனை நம்பிக் கம்பம் பக்கம் வந்து சேர்ந்தார். பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்கு முந்தைய காய்ந்த பள்ளத்தாக்கைப் பன்னிரண்டு தகடுகளில் கீறினார். ஒன்றைக்கூட அச்செடுக்கவில்லை, அதற்குள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பதினொன்றை உருக்கிப் பாத்திரமாக்கிவிட்டார்கள், புண்ணியவான்கள்!

மிச்சமிருந்த ஒன்று போடியில், பலசரக்குக் கடை எப்சிபா அம்மாள் வீட்டில், அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. அந்த அம்மாளின் உறவுக்காரர் ஒருவர் மகிமாவுக்கு அனுப்பிய போட்டோவில் களிம்புக்கு அடியில் மலை, முள்மரம், ஒரு மாட்டுவண்டி. மகிமாவுக்குத் தூக்கமே போயிற்று. அந்த அம்மாளுக்குப் போன் போட்டாள். ஆனால் படம் என்று வாயைத் திறக்கவில்லை. அருமை தெரிந்தால் கொடுக்கமாட்டார்களோ என்று பயம்.

"பழைய செம்புன்னா எனக்கு ஆசைம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"அதுக்கென்ன தாயி, வந்து எடுத்துக்க" என்றது அந்த வெள்ளை மனசு.

மதுரையில் அச்செடுக்க ஆள்கூடப் பேசிவைத்துவிட்டுத்தான் போடிக்குப் போனாள்.

எப்சிபா அம்மாள் தகட்டைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். பளபளவென்று மின்னியது. மகிமா அதைச் சன்னல் பக்கம் சாய்த்தாள், திருப்பினாள், விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"நம்ம வீட்ட விட்டுப் போற செம்பு கறுப்பா போகலாமா? புளி போட்டுத் தேச்சுப் பாத்தேன், போகல. பாத்திரக்கடையில மெஷின்ல குடுத்துட்டேன். கீறல் பூராம் போற வரைக்கும் ஓட்டுங்கன்னு அங்கனயே நின்னு வாங்கியாந்தேன்."

"அந்தக் கீறல்தாம்மா படம்" என்றாள் மகிமா. அழுகையும் பேச்சுமாகத் துரையின் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள்.

"ஐயோ ஆண்டவரே!" எப்சிபா அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "படமுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேனே, தாயி. ஏன் சொல்லாம விட்ட?"

மகிமா தகட்டை மடியில் வைத்து மறுபடியும் விரலால் தடவினாள்.