லுசேரோ வீட்டாரை விசாரித்த கதை

எங்கள் வீட்டில் ஒரு தாள் உண்டு, பிள்ளைகள். இவர் தானே கம்ப்யூட்டரில் கோடு போட்டு அடித்தெடுத்த தாள். இவர் என்றால் என் மனுசன் சிறிதரன். சிட்னி ரயில்வேயில் சிக்னல் பகுதியில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். தாளின் தலைப்பு ‘விசாரிப்பு’. அதற்குக் கீழே பெட்டி பெட்டியாக: பெயர், ஊர், ஊரில் எந்தப் பக்கம், வெளிநாடு வந்த ஆண்டு, வந்த வழி. வந்த வழிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் படகு, ஸ்பொன்சர், ஸ்ருடன்ற் விசா, ஸ்கில்ட் விசா என்று இருக்கும். பொருந்தினதுக்குச் சரி போடவேணும். கடைசியில் ஒரு பெரிய பெட்டி: ‘குறை’.

இங்கே ஒரு தமிழ்க் கலியாணம் பேச்சுக்கு வந்தால் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டு போன் அடிக்கும். “சிறிதரன் அண்ணை, பெடியன் மெல்பேர்ணாம், ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ.” இவர் ரொறொன்ரோவுக்கு ஒரு போன் கோல், சுவிசுக்கு ஒரு கோல், லண்டனில் தன் ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒரு கோல். மூன்று நாளில் தாள் நிரம்பிவிடும். இவர் விசாரித்துச் சரிவந்த கலியாணமும் உண்டு, குழம்பின கலியாணமும் உண்டு. குழம்பினதுதான் கூட. அதை நான் சொன்னதாக அவருக்குச் சொல்லவேண்டாம்.

இப்படிப்பட்ட மனுசனிடம்தான் எங்கள் மகள் யாமினி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புட்டுக்குக் குழம்பு விட்டபடி, தான் ஒருத்தரை விரும்புவதாகச் சொன்னாள். பெயர் மார்செலோ லுசேரோ. பரமட்டாவில் தண்ணீர்த் திட்ட எஞ்சினியர். ஊர் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ.

இவர் கையைக் கழுவிவிட்டு வந்து தாளை எடுத்தார்.

“அப்பா, நீங்க விசாரிக்கலாம்,” என்றாள் யாமினி. “ஆனா உங்கட ‘குறை’ பெட்டிக்காக நான் ஆளை மாத்தமாட்டன்.”

“நான் மாத்தச் சொல்லேல்லையே. எழுதி வைக்கிறது நல்லதுதானே.”

அடுத்த சனிக்கிழமை மார்செலோ வீட்டுக்கு வந்தான். நல்ல வாட்டசாட்டமான பிள்ளை. நான் “தேத்தண்ணி குசினிக்குள்ள வைச்சிருக்கிறன்” என்று யாமினிக்குச் சொல்ல, யாரும் மொழிபெயர்க்காமலே எழும்பிப் போய் தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். சமையலறைக்கு அவர்களின் ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. இவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேனையைத் திறந்தார்.

“தம்பி, உங்கட ஆக்கள் மெக்சிகோவில இருந்து எந்த வருஷம் அமெரிக்காவுக்கு வந்தவை?”

“நாங்கள் மெக்சிகோவில இருந்து வந்தாக்கள் எண்டு சொல்லேலாது அங்கிள்,” என்றான் அவன் பொறுமையாக. அவன் பேசியது இங்கிலிஷ்தான். நான் எங்கள் வாயில் சொல்கிறேன். “எங்கட முதல் ஆள் ஸ்பெயினில இருந்து வந்தவர். ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.”

இவர் எழுதிக்கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பெட்டியில் இதுவரைக்கும் வந்ததில் பழைய ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தியொன்று.

“வந்த வழி? விசா என்ன மாதிரி?”

“அப்ப அமெரிக்கா எண்டொரு நாடே இல்லை அங்கிள். பிறகு ஆயிரத்து எண்ணூற்று நாப்பத்தெட்டில அமெரிக்கா எங்கட இடத்தை எடுத்துக்கொண்டது. நாங்கள் அசையேல்ல. எல்லைக்கோடுதான் எங்களைத் தாண்டிப் போனது.”

“அப்ப நீங்கள்தான் அந்த மண்ணுக்காரர்?”

“அப்பிடியும் சொல்லேலாது. எங்களுக்கு முதலே அங்க இருந்த ஆக்கள் இப்பவும் பக்கத்து ஊரில இருக்கினம். அவையளைக் கேட்டால் எங்களையும் வந்தாக்கள் எண்டுதான் சொல்லுவினம்.”

இவர் நாலு வழியில் ஒன்றுக்கும் சரி போடாமல், பக்கத்தில் கையால் ‘இருந்த இடத்திலேயே’ என்று எழுதினார்.

அன்று பின்னேரமே இணையத்தில் தேடி, நியூ மெக்சிகோவில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இவர்களைப் போல ஸ்பானிய வழி வந்தவர்கள் என்று கண்டுபிடித்தார். வேறு ஆளென்றால் கை விட்டிருப்பார். இவருக்கு உசார் வந்துவிட்டது. “பாதிப்பேர் எண்டால் நல்லதுதானே. கேக்கிறதுக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.” உடனே டாலஸில் இருக்கிற தங்கச்சி மகன் அருந்தவனுக்குப் போன் எடுத்தார்.

“மாமா, இங்கயிருந்து அது பத்து மணித்தியால ஓட்டம்,” என்றான் அருந்தவன்.

“உன்ர மனுசிக்கு மலை பாக்க விருப்பமெண்டு போன முறை சொன்னனியெல்லோ.”

ஆக அருந்தவன் மனுசியையும் ஏற்றிக்கொண்டு மலை பார்க்கப் போவதென்று முடிவானது.

இதற்கிடையில் ஒரு விஷயத்தை யாமினி என்னிடம் சொன்னாள். மார்செலோவுக்கு அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது தகப்பனின் அக்கா, ஒஃபேலியா. அந்த மனுசி ‘ஓம்’ சொல்லாமல் தான் கலியாணம் செய்வதில்லை என்று அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். “அவ வேண்டாமெண்டால், அவன் செய்யமாட்டான் அம்மா,” என்றபோது பிள்ளையின் குரல் இறங்கிப்போனது. “அவ இப்ப எங்களைப்பற்றி யோசிச்சுக்கொண்டிருக்கிறா.”

யோசித்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பது புதன்கிழமை தெரிந்தது.

எங்களுக்குப் போன் எடுத்தவர் பார்த்தசாரதி. தமிழ்நாட்டுக்காரர், கோயிலில் பழக்கம். இரண்டு வருஷத்துக்கு முதல் அவருடைய மகனுக்கு ஒரு சம்பந்தம் பொருந்திவர, பெண் வீட்டார் இவரிடம் விசாரிக்கக் கொடுத்தார்கள். இவர் குறைப் பெட்டியில் ‘ஒரு வேலையிலும் ஒரு வருஷத்துக்கு மேலே நிற்பதில்லை’ என்று எழுதிக் கொடுக்க, கலியாணம் நின்றது. “ஐ.டி.ல அதுக்குப் பேரு முன்னேற்றம் சார்” என்று பார்த்தசாரதி அப்போது சொன்னதை இவர் கேட்கவில்லை.

“சார், நல்லா இருக்கீங்களா?” என்றார் இப்போது, வெல்லம் போட்ட மாதிரி ஒரு குரலில். “மேய்ஸ் ஹில் கோயில் கேன்டீன்ல ஒரு லேடி. மிர்ணான்னு பேரு. மெரிலேண்ட்ஸ்ல இருக்காங்களாம், எல் சல்வடோர்லேர்ந்து வந்தவங்க. தோசை சாப்பிட்டுக்கிட்டே உங்களப் பத்தி விசாரிச்சாங்க.”

“என்னைப்பற்றியோ? ஏன்?”

“அமெரிக்காவுல ஒரு அம்மா அவங்க ஊர் சர்ச் சாமியார்கிட்ட சொல்லி, அவர் இங்க ஸ்பானிஷ்ல பூசை வைக்கிற சாமியார்கிட்ட சொல்லி, அவர் இந்தம்மாவ அனுப்பியிருக்கார் சார். கையில நோட்டுப் புத்தகம்கூட வச்சிருந்தாங்க.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“உண்மையத்தான் சொன்னேன் சார்,” என்றார் பார்த்தசாரதி. அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. இந்த ஒரு போனுக்காக மனுசன் இரண்டு வருஷம் காத்திருந்திருப்பார்.

பிள்ளைகள், முப்பத்தாறு வருஷத்தில் இவர் அப்படி இடிந்துபோய் இருந்ததை நான் கண்டதில்லை. ஒரு சின்னச் சொல் ஒரு கலியாணத்தை என்ன செய்யும் என்று இவரைவிடத் தெரிந்த ஆள் இந்த ஊரில் இல்லை. வியாழக்கிழமை விடிய முன்வளவுப் புல்லை வெட்டினார். முன்வீட்டுக் கிழவருக்குக் கை காட்டினார். அந்த மனுசன் பயந்து உள்ளே போய்விட்டார். பின்னேரம் கோயிலுக்குப் போய், யாரும் கேட்காமலே கேன்டீனில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாராம்.

“சந்திரா, என்னைப்பற்றி என்ன சொல்லியிருப்பினம்?”

“நானே முப்பத்தாறு வருஷமா விசாரிச்சுக்கொண்டிருக்கிறன். இன்னும் முடிவு வரேல்ல.”

யாமினி சிரிக்கவில்லை. “நவ் யூ நோ, அப்பா,” என்றாள். பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து இருந்தாள்.

சனிக்கிழமை ஒஃபேலியாவோடு வீடியோவில் பேசுவதென்று ஏற்பாடு. அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, அருந்தவனின் அறிக்கை வந்தது. லுசேரோ வீட்டார் நல்ல ஆட்கள், மரியாதையான ஆட்கள், ஆட்டுப்பண்ணை, பிளம்ஸ் தோட்டம். குறை ஒன்றே ஒன்று. ஒஃபேலியாவும் அவவின் கடைசித் தம்பி பேர்மினும் பதினொரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாய்க்கால் தண்ணீரை யார் எந்த நாளில் தோட்டத்துக்குத் திருப்புவது என்பதில் தொடங்கின பகை.

இவருக்கு உயிர் வந்தது. எங்கள் ஆட்களுக்கு வேலிச் சண்டை, அவர்களுக்கு வாய்க்கால் சண்டை. இவருக்குப் புரியாத விஷயம் இல்லை இது. “நாளைக்கு அவ என்னில ஏதும் பிழை சொல்லட்டும். எனக்கும் ஒண்டு இருக்கு.”

“அப்பா, ப்ளீஸ்,” என்றாள் யாமினி. “அவவின்ர ஓம் எனக்கு வேணும். அதைமட்டும் வாயில எடுக்காதேங்கோ.”

“சரி” என்றார் இவர்.

சனி காலமை ஒன்பது மணி. அங்கே வெள்ளி பின்னேரம். மார்செலோ லப்டொப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். திரையில் ஒரு மெலிந்த மனுசி, வெள்ளைத் தலைமயிரை இழுத்துக் கட்டி, மூக்குநுனியில் கண்ணாடி. முன்னால் ஒரு கொப்பி. இவருக்கு முன்னால் தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பேனையைத் திறந்ததைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒஃபேலியா இங்கிலிஷில் வணக்கம் சொல்லி, உடனே கொப்பியை வாசிக்கத் தொடங்கினா. “வீடு துப்புரவு. தாய் நல்ல மனுசி, முதியோர் இல்லத்தில வேலை செய்தவ, எல்லாருக்கும் விருப்பம். மகளைப்பற்றி ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லேல்ல.” பக்கத்தைப் புரட்டினா. “தகப்பன். ஊரில எல்லாற்ற விஷயமும் தெரிஞ்சு வைச்சிருக்கிறவர். மூண்டு கலியாணம் இவரால நிண்டது.”

இவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

“மிர்ணா நாலு பேரைக் கேட்டிருக்கிறா. நாலு பேரும் இதைத்தான் சொல்லியிருக்கினம். ஒருத்தர் மட்டும் கூடச் சொல்லியிருக்கிறார்: அந்த மனுசன் பொய் சொல்லமாட்டார், அதுதான் அவரோட உள்ள கரைச்சல் எண்டு. பார்த்தசாரதி எண்டு பேர்.”

இவரின் காது சிவந்தது. பார்த்தசாரதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஒஃபேலியா கண்ணாடியைக் கழற்றினா. “நீங்களும் எங்களை விசாரிச்சிருப்பீங்கள். என்னைப்பற்றி என்ன கிடைச்சது?”

மேசைக்குக் கீழே யாமினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். இவர் தாளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ‘ஒண்டும் இல்லை’ என்று சொல்ல இரண்டு சொல் போதும். பிள்ளையின் சீவியமே அதில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். தாளை நேராக்கி வைத்தார்.

“மேடம், எல்லாம் நல்லதுதான் சொன்னவை. ஒண்டே ஒண்டு. நீங்கள் தம்பியோட பதினொரு வருஷம் பேச்சில்லை எண்டு.”

யாமினி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது.

“பன்னிரண்டு,” என்றா ஒஃபேலியா.

“மன்னிக்கவேணும்?”

“பதினொண்டு இல்லை. வாற மாசியோட பன்னிரண்டு முடியுது. உங்கட ஆள் எங்க விசாரிச்சவர்?”

“பெற்றோல் ஸ்டேஷனில.”

“அங்க நிக்கிறவனுக்கு அரைவாசிதான் தெரியும். தபால் கந்தோரில கேட்டிருக்கவேணும்.”

இவர் தலையை ஆட்டிக்கொண்டு பதினொன்றை வெட்டிப் பன்னிரண்டு என்று எழுதினார். அதை அவ திரையில் கிட்ட வந்து பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு தன் கொப்பியை மூடினா.

“என்ர வீட்டில இருக்கிறவையே இதை எனக்கு முன்னால சொல்லமாட்டினம்,” என்றா. “எல்லாரும் பேர்மினைத் தெரியாத மாதிரி நடிப்பினம். பொடியன்ர கலியாணத்துக்கு அவனைக் கூப்பிடவேணும். சித்தப்பன் இல்லாமல் எப்பிடி? ஆனா நான் கூப்பிடமாட்டன்.”

“நான் கூப்பிடுறன்,” என்றார் இவர்.

“அவனை என்ர பக்கத்தில இருத்தினால் நான் எழும்பிப் போயிடுவன்.”

பிள்ளைகள், இதில் எங்கள் ஆட்களை வெல்ல ஆளில்லை. முகம் கொடுத்துப் பேசாத இருபது சொந்தத்தை ஒரே மண்டபத்தில் இருத்தி, ஒருவரோடு ஒருவர் முட்டாமல் சாப்பாடு கொடுத்து அனுப்பின மனுசன் இவர். தாளைத் திருப்பினார். பின்பக்க வெள்ளையில் ஒரு நீள்சதுரம் கீறினார். மணவறை, நடுவழி, இரண்டு வாசல்.

“மேடம், இது மண்டபம். தம்பியை இந்தக் கரையில விடுறன். உங்களுக்கும் அவருக்கும் நடுவில எங்கட பக்கத்து ஆக்கள் எண்பது பேர். நீங்கள் மணவறைக்குக் கிட்ட இருக்கிறீங்களோ, நடுவில இருக்கிறீங்களோ?”

மார்செலோ யாமினியைப் பார்த்தான். அவள் என் கையை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

ஒஃபேலியா அந்தக் கீறலை நல்லாய்ப் பார்த்து, விரலால் திரையில் ஒரு இடத்தைத் தொட்டா.

“வாசலுக்கு நேர ஒரு கதிரை போடுங்கோ,” என்றா. “அவன் உள்ளுக்க வாறது எனக்குத் தெரியவேணும்.”

இவர் அந்த இடத்தில் ஒரு சின்னக் கதிரை கீறி, அதற்குள் அவவின் பெயரை எழுதினார்.