சமையல் மேடைக்கு முழுப் பலகை

ஊரில் பாதி வீடுகளுக்குச் சமையல் மேடை வெட்டிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் ரூட்டர் மெஷின் தானே வெட்டும். இவர் பக்கத்தில் நின்று அதைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். சாலிட் சர்ஃபேஸ் என்று ஒரு பலகை. பார்த்தால் கல், தொட்டால் வழவழப்பு. மேடைக்குப் போக மிஞ்சும் துண்டுகள் எங்கள் வீட்டுக்கு வரும்.

சும்மா வராது. சோப்புப் பெட்டியாக வரும், சாவி மாட்டியாக வரும், பிரஷ் நிற்க ஓட்டை போட்ட கட்டையாக வரும். அப்புறம் போர்டுகள். சமையலறை வாசலில் ‘சமையலறை’ என்று ஒரு போர்டு. ஏன், வழி தெரியாமல் நான் படுக்கையறையில் போய்த் தாளித்துவிடுவேனா? நாத்தனார் வரும்போதெல்லாம் அந்த எழுத்தைத் தடவித் தடவி, “அண்ணன் கையில என்னமோ இருக்கு அண்ணி” என்பாள். இருக்கிறது தாயே, கை நிறையத் துண்டுதான் இருக்கிறது.

மேடை மட்டும் வரவில்லை. எங்களுடையது தண்ணீரில் ஊறி உப்பிப்போன மரத்தூள் பலகை. ஒரு மூலையில் பாத்திரம் வைத்தால் மறு மூலை எழுந்து நின்று பார்க்கும். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

“ஒரே நிறத்துல துண்டு சேரட்டும்மா. ஒவ்வொரு தடவை வர்ற வெள்ளையும் ஒரு மாதிரி. ஒட்டுன இடம் காட்டிக்கொடுத்துடும். நாலு பேர் சிரிக்கக் கூடாதுல்ல?”

அந்த நாலு பேருக்காகக் கட்டிலுக்கடியில் வெள்ளைத் துண்டுகள் வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தன. நானும்தான்.

போன மாதம் மேடை ஆடி, கொதிக்கிற பால் என் காலில் கொட்டியது. கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்ட மனிதர் மறுநாள் என்ன கொண்டுவந்தார் தெரியுமா? ஒரு போர்டு. ‘எச்சரிக்கை: மேடை ஆடும்.’ மூலைகளை அழகாக வளைத்து, எழுத்துக்குள் சிவப்பு ஊற்றி, மாட்டியும் விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் முழுப் பலகை, எனக்கு மட்டும் மிச்சம் என்று யார் முடிவு செய்தது?

தையல் வேலையில் சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் கடைக்கே போனேன். அவர் பின்கட்டில் மெஷின் சத்தத்துக்குள் இருந்தார். முன்னால் ஆர்டர் எடுக்கும் பெண் புதியவள், என்னைத் தெரியாது.

“என்ன கலர் மேடம்?”

“வெள்ளை. முழுப் பலகையில வெட்டணும். துண்டு ஒட்டக் கூடாது.”

அளவெடுக்க ஆள் வரும் என்று சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் காலிங்பெல் அடித்தது. திறந்தால் என் வீட்டுக்காரர், கையில் இஞ்ச் டேப்போடு. வீட்டுச் சாவி சட்டைப்பையில்தான் இருக்கும், இருந்தாலும் பெல். பின்னால் அவரோடு ஒட்டு வேலை பார்ப்பவர், பசை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

“உள்ள வரலாமா மேடம்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“வாங்க. செருப்பை வெளிய விட்டுடுங்க.”

அளந்தார், அளந்ததையே திரும்ப அளந்தார். அடுப்பு எந்தப் பக்கம், மூலை கூராகவா வளைவாகவா, உயரம் சரியா நின்று பாருங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

பசை வண்டிக்குப் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எத்தனை வருஷமா சொன்னேன்! புருஷன்கிட்ட சொன்னேன், அதான் தப்பு. கடையில சொன்னதும் ஓடி வந்துட்டீங்க பாருங்க.”

அவர் டேப்பை இழுத்து மூன்றாவது தடவையாக அளக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் மேடை வந்தது, வெள்ளை வெளேரென்று, ஒட்டே இல்லாமல். பசையும் அவரும் தூக்கி வைத்துப் பொருத்தினார்கள். இரண்டு கையையும் ஊன்றி என் முழுக் கனத்தையும் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று, விளிம்பில் ஓரிடம் சொரசொரப்பாக இருப்பதாகச் சொன்னேன். மறுபேச்சில்லை, முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். குழாய் ஒழுகுகிறது என்றால் செய்தித்தாளைத் திருப்புகிற அதே மனிதர்தான்.

“கேரண்டி எவ்வளவு நாளுங்க?”

“பத்து வருஷம் மேடம்.”

“நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?”

“ஒரு போன் பண்ணுங்க, அன்னைக்கே வந்துடுவேன்” என்றார், தேய்த்துக்கொண்டே.

கல்யாணத்தன்றுகூட இந்த மனிதர் எனக்கு இவ்வளவு தெளிவாக வாக்குக் கொடுத்ததில்லை.

“எழுதிக் குடுங்க” என்றேன்.