மொனிகாவின் முதல்நன்மைக்கு ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு சோடிச் சப்பாத்துக்குள்ளே சுருட்டி வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் வந்து, எங்கே பொறுக்கினாய் என்று கேட்கக்கூடாது.

கனடாவிலே, பெயர் வாய்க்குள் நுழையாத ஒரு சின்ன ஊரிலே, சுரேஸ் என்று எனக்கு ஒரு மருமகன், தங்கச்சியின் மகன், இருக்கிறான். போன மார்கழியில் குளிர்ச் சப்பாத்து அனுப்பியிருந்தான். இத்தாலியிலே நான் இருக்கிற பலெர்மோவில் பனி கொட்டுகிறது என்று அவனுக்கு யார் சொன்னதோ தெரியாது. சப்பாத்து நசியாமல் இருக்க உள்ளே அந்த ஊர்ப் பேப்பரை அடைத்திருந்தான். சப்பாத்து எனக்குப் பெரிது. பேப்பரை யூலியானாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

எழுபது வருசத்துக்கு முந்தி இதே கிழமை இன்னாருடைய வைக்கோல் கொட்டில் எரிந்ததாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணமாகி ஐம்பது வருசமாம். சனிக்கிழமை தேத்தண்ணிக்கு வரட்டாம், பரிசு வேண்டாமாம். இன்னாருக்கு மூன்றாவது பேரப்பிள்ளை, ஏழு றாத்தலாம்.

"இவ்வளவுதானோ சரித்திரம்?" என்றேன்.

"இவ்வளவுதான் அண்ணை. ஆனா அச்சிலை வந்திருக்கே."

யூலியானா எங்கள் கத்தோலிக்கக் கோயில் தமிழ்ச் சனத்தின் பத்தாண்டு மலரைப் போடுகிறவள். ஒரு வக்கீலின் கந்தோரைக் கூட்டித் துடைத்துவிட்டு, அவரைக் கேட்டு, அவருடைய கொம்பியூட்டரிலேயே தமிழ் அடிப்பாள். அந்த இடத்திலேயே முடிவு எடுத்துவிட்டாள். "மலரிலை இப்பிடி ஒரு பக்கம் போடுவம். குடும்ப நிகழ்வுகள். நீங்கள் எழுதுங்கோ. ஆர் எப்ப வந்தது, ஆருக்கு எப்ப பிறந்தது எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்."

"நான் அஞ்சாம் வகுப்பு."

"அதுதான் நல்லது. கனக்கப் படிச்சவை நீட்டி எழுதுவினம்."

[சப்பாத்தும் சுரேசும் இனி இந்தக் கதையில் வரமாட்டார்கள். தேட வேண்டாம்.]

2

முதலாவது தொடக்கம்: "சிசிலித் தீவின் தலைநகராம் பலெர்மோவை நீலக்கடல் தாலாட்ட..." நிறுத்தினேன். இந்தக் கடல் யாரையும் தாலாட்டி நான் பார்த்ததில்லை. வுச்சீரியாச் சந்தையில் மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்திருக்கிறேன். கடலுக்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

இரண்டாவது தொடக்கம்: "நான் 1987ஆம் ஆண்டு மன்னாரிலிருந்து..." இதையும் வெட்டினேன். 'நான்' என்று எழுதுவது கையெழுத்துப் போடுவது மாதிரி. பதினொரு வருசமாகக் குவெஸ்தூராவிலே, அதுதான் பொலிஸ் கந்தோரிலே, வரிசையில் நின்றவன் நான். தாளில் ஏறினது இறங்காது.

மூன்றாவது தொடக்கம்: "சுவாம்பிள்ளை என்று ஒரு கிழவர் இருந்தார்."

இது பரவாயில்லை. இனிமேல் நான் இல்லை, சுவாம்பிள்ளைதான். அவர் நான்தான் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாது. இதில் வருகிற பெயர் எல்லாம் நான் வைத்த பெயர். சரித்திரம் எழுதினால் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். கதை எழுதினால், "அது கதை ஐயா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தலாம்.

(தன்னைத் தானே 'அவர்' என்று எழுதுவது கொஞ்சம் கூடத்தான். ஆனால் வேறு ஒருவரும் எழுதப் போவதில்லை.)

3

சுவாம்பிள்ளைக்கு வயது அறுபத்துமூன்று. பெர்மெஸ்ஸோவில், அதாவது இங்கே இருக்க விடுகிற தாளில், ஐம்பத்தைந்து. கலியாணம் கட்டாத மனுசன். பெர்மெஸ்ஸோவில் கட்டினவர்.

இரண்டும் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் வேலை. எண்பத்தேழில் எமிலியானா என்ற பெண் தனியாக வெளிக்கிட வேண்டி வந்தது. அவளுடைய புருசன் யோசேப் பிறகு வேறு பாதையால் வருவதாக ஏற்பாடு. தனிப் பெண் என்றால் வழியிலே மறித்துக் கேள்வி கேட்பார்கள் என்று சொல்லி, ஏஜென்சிக்காரன் அவளைக் கூடவே வெளிக்கிட்ட சுவாம்பிள்ளையின் மனைவியாகப் பாஸ்போட்டில் ஏற்றிவிட்டான். சோடி பொருந்த வேண்டுமே? அவருக்கு எட்டு வயதைக் குறைத்தான், அவளுக்கு ஐந்தைக் கூட்டினான். கலியாணத் திகதியும் அவனே வைத்தான். 1973 மாசி 2.

"நல்ல நாளோ?" என்று கேட்டார் சுவாம்பிள்ளை.

"வெள்ளிக்கிழமை. கந்தோர் திறந்த நாள். போதும்."

பலெர்மோவில் இறங்கினதும் இந்தக் கலியாணத்தைக் கழற்றிப் போடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது என்ன சட்டையோ? எண்பத்தெட்டில் யோசேப் வந்து சேர்ந்தான். அவனுடைய தாளில் அவன் தனியாள். எண்பத்தொன்பதில் மொனிகா பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பதிகிறவர் தாயின் பாஸ்போட்டை விரித்துப் பார்த்து, தகப்பன் பெயர் சுவாம்பிள்ளை என்று எழுதினார். அவரில் ஒரு குற்றமும் இல்லை. பாஸ்போட் சொன்னதை எழுதினார். வெளியே யோசேப் தோடம்பழப் பையோடு நின்றான்.

தொண்ணூறில் எல்லோருக்கும் பெர்மெஸ்ஸோ கொடுத்தார்கள். புருசனும் பெண்சாதியும் ஒரே விலாசத்தில் இருக்க வேண்டும் என்பதால் நாலு பேரும் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு வீடு எடுத்தார்கள். உள்ளறை யோசேப் குடும்பத்துக்கு. குசினியை ஒட்டின அறை, தாளிலே குடும்பக்காரனான சுவாம்பிள்ளைக்கு.

[இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு யோசனை ஓடும். ஓட வேண்டாம். அவர் எமிலியானாவை 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அப்படியான கதை வேண்டுமென்றால் வேறு ஆளிடம் கேளுங்கோ.]

4

எமிலியானா வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா, அதுதான் வீட்டுக்கார அம்மா, நல்ல மனுசி. நல்ல மனுசரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். இந்த வருசம் தை மாதம், ஏதோ பதிவுக்காக எமிலியானாவின் தாள்களை வாங்கிப் பார்த்தவ, மாசி 2 வந்தால் கலியாணமாகி இருபத்தைந்து வருசம் என்று கண்டுபிடித்துவிட்டா. கேக் சொல்லி, மேல்வீட்டுச் சிஞ்ஞோராக்களையும் கூப்பிட்டு, "புருசனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் வா" என்றுவிட்டா.

சுவாம்பிள்ளையிடம் கோட் இல்லை. யோசேப்பின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். யோசேப் மாப்பிள்ளையின் தம்பியாக வந்தான்.

படியேறும்போதே தொடங்கிவிட்டான். "அண்ணை, என்ரை மனிசியை இருபத்தஞ்சு வருசம் நல்லபடி பாத்ததுக்கு நன்றி."

"விசர்க்கதை கதையாதை. உன்ரை கோட் பூட்டுதில்லை."

"கோட்டிலை பிழையில்லை அண்ணை. வயித்தைப் பாருங்கோ."

எமிலியானா திரும்பி, "ரெண்டு மாப்பிள்ளையும் கொஞ்சம் வாயை மூடுங்கோ," என்றாள்.

உள்ளே ஆறு சிஞ்ஞோராக்கள். வீட்டுச் சிஞ்ஞோரா சுவாம்பிள்ளையின் கையைப் பிடித்து, "இரண்டு பேரும் முதன்முதல் எங்கே சந்தித்தீர்கள்?" என்று கேட்டா.

அவருக்குப் பொய் சொல்ல வராது. தெரிந்த இத்தாலியனில், "வரிசையில்," என்றார்.

ஆறு பேரும் நெஞ்சில் கை வைத்தார்கள். என்ன அழகு என்றார்கள்.

முத்தம் கொடுக்கச் சொன்னபோது, "எங்கடை ஆக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை" என்று எமிலியானா தப்பவைத்தாள். கேக் மட்டும் எமிலியானாவின் வாயில் தீத்தினார். எல்லோரையும்விட யோசேப்தான் பலமாகக் கை தட்டினான். பிறகு தட்டுக்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கேக் கொடுத்தான்.

கடைசியாகச் சிஞ்ஞோரா கமராவை யோசேப்பின் கையில் கொடுத்தா. "குடும்பத்தைச் சேர்த்து ஒரு படம் எடு."

யோசேப் எடுத்தான். நடுவில் மொனிகா, ஒரு பக்கம் எமிலியானா, மற்றப் பக்கம் சுவாம்பிள்ளை. "அண்ணை, கொஞ்சம் சிரியுங்கோ," என்றான். நன்றாகத்தான் எடுத்தான். ஒரு தலையும் வெட்டுப்படவில்லை.

[இந்த நேரம் சுவாம்பிள்ளையின் மனதில் என்ன இருந்தது என்று எழுத வேண்டும். எழுதினேன். வெட்டினேன். வெட்டினது இதுதான்: "அவருக்கு அந்தக் கேக் இனித்தது. கேக் மட்டும் இல்லை, அந்த ஒரு மணித்தியாலமும்..."]

5

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லாத ஆள் யோசேப். பொய்யன் என்றில்லை. எதற்கும் பகிடி விடுகிற ஆளை எழுதுவது கஷ்டம். எந்த இடத்தில் பகிடி முடிகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. சித்திரை மாதம் ஒரு பின்னேரம் பிடிபட்டது.

வைகாசி இருபத்துநாலாம் திகதி பதினொரு தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல்நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். மொனிகாவும் ஒருத்தி. மலரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: பெயர், திகதி, தாய், தகப்பன். சுவாம்பிள்ளை கொப்பியோடு குசினி மேசையில் இருந்தார். யோசேப் பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தைப் பார்க்கிறவன். ரயிலால் வந்து இறங்கினவன் கையும் கழுவாமல் எதிரே இருந்தான்.

"மொனிகாவின்ரை வரி எழுதிட்டியளோ?"

"இல்லை."

"தகப்பன் எண்ட இடத்திலை என்ரை பேரைப் போடுங்கோ அண்ணை. ஒருக்கா. தமிழிலைதானே, ஆர் வாசிக்கப் போறான்?"

"தாளுக்குக் கால் இருக்கு யோசேப். மலரிலை ஒண்டு சுவாமியாற்றை அலுமாரிக்குப் போகும். அங்கையிருந்து எங்கை போகுமெண்டு உனக்குத் தெரியுமோ? தமிழ் வாசிக்கிறவன் குவெஸ்தூராவிலையும் நிப்பான். ஆனியிலை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கவேணும். உன்ரை மனிசியையும் பிள்ளையையும் பிடிச்சு பிளேனிலை ஏத்தினால் நான் என்ன செய்ய?"

யோசேப் விரலை மடக்கினான். "பள்ளிக்கூடத்திலை உங்கடை பேர். ஞானஸ்நானப் புத்தகத்திலை உங்கடை பேர். ஊசி போட்ட அட்டையிலையும் உங்கடை பேர். நாளைக்கு நான் செத்தால், அவளுக்கு நான் ஆர் அண்ணை? படம் எடுத்தவன்."

அடுப்படியில் நின்ற எமிலியானா திரும்பவில்லை. "பெத்தது நான். என்ரை பேர் எல்லாத் தாளிலையும் சரியாத்தான் கிடக்கு. நீங்கள் ரெண்டு பேரும் அடிபடுங்கோ," என்றாள். ஆனால் கறியைக் கிண்டின அகப்பை நின்றுவிட்டது.

மொனிகா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பள்ளிக்கூடக் கொப்பியில் கையெழுத்து வாங்கப் பெரியப்பாவிடம் வருவாள், மற்ற எல்லாத்துக்கும் பப்பாவிடம் போவாள். "மலரிலை என்ரை படம் கலரிலையோ வரும்?"

"கறுப்பு வெள்ளை," என்றார் சுவாம்பிள்ளை.

"ஊஃபா! அப்ப ஆற்றை பேரெண்டாலும் போடுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. யோசேப்கூட.

6

சனிக்கிழமை சுவாம்பிள்ளை கொப்பியைக் கொண்டுபோய் யூலியானாவின் முன்னால் வைத்தார். "எனக்கு ஏலாது. வேறை ஆளைப் பார்."

அவள் பிரட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணை இது? ஒரு பக்கம் கேட்டன், பன்ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறியள். கடல் தாலாட்டுது, வெட்டியிருக்கு. வரிசையிலை சந்திச்சது... இதை மலரிலை போடேலாது."

"போடச் சொல்லேல்லை."

அவள் ஐந்தாம் பக்கத்தில் நின்றாள். மொனிகாவின் பிறப்புப் பதிவில் யாருடைய பெயர் ஏறினது என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. கொப்பியை மெதுவாக மூடினாள். "உங்கடை வீட்டிலை மட்டுமோ எண்டு நினைச்சியள்? பதினொரு பிள்ளையளிலை நாலு பேருக்கு இதுதான். ஒருத்தியின்ரை தகப்பன் எண்டு தாளிலை கிடக்கிறது அவளின்ரை சொந்த மாமன்."

சுவாம்பிள்ளை மூடின கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். எல்லோருடைய வரவும் பிறப்பும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள்.

"அப்ப தகப்பன் பேரை அச்சடிக்காதை," என்றார். "புள்ளிக்கோடு போடு. பதினொரு பிள்ளைக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் அவையவை பேனையாலை எழுதட்டும்."

"ஒரு பிள்ளைக்கும் தகப்பன் இல்லாமல் மலர் வந்தால் சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்குத் தெரியும். தெரியாதவைக்குத்தான் புள்ளி."

7

முதல்நன்மை முடிந்தது. மலர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் யோசேப் அந்தப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்து, பேனை மூடியைக் கழற்றினான். இனி முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: யோசேப் தன் பெயரை எழுதுகிறான், எமிலியானா அழுகிறாள். எமிலியானா அழுகிற ஆள் இல்லை. வெட்டு.

முடிவு இரண்டு: யோசேப் எழுதிவிட்டுப் பேனையை நீட்டி, "இடம் கிடக்கு அண்ணை, பக்கத்திலை உங்கடையையும் எழுதுங்கோ" என்கிறான். எனக்குப் பிடித்த முடிவு. பிடித்த ஒன்றை நான் நம்புகிறதில்லை.

முடிவு மூன்று நடந்தது. பேனை மூடி கழன்ற சத்தம் கேட்டதும் சுவாம்பிள்ளை எழும்பி, "படிக்கட்டுக் கூட்டவேணும்" என்று சொல்லித் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையில், முதல்நன்மை உடுப்போடு, யாரும் படி கூட்டுவார்களோ? ஐந்து மாடியும் கூட்டினார். திரும்பி வந்தபோது மேசையில் சோறு இருந்தது. மலர் அலுமாரிக்குள் போய்விட்டது. அலுமாரிக்குப் பூட்டு இல்லை. இன்றுவரை அவர் திறந்து பார்க்கவில்லை.

[நான் திறந்து பார்க்கவில்லை.]

ஆனபடியால் எனக்கு முடிவு தெரியாது. வரியை அப்படியே தருகிறேன், நீங்கள் முடியுங்கோ.

மொனிகா. முதல்நன்மை 24.05.1998. தாய்: எமிலியானா. தகப்பன்: ..............................

யோசேப் என்று எழுதினால் கொண்டுவந்து அவனுக்குக் காட்டுங்கோ. ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில்தான் நிற்பான், சந்தோசப்படுவான். மற்றப் பெயரை எழுதினால் ஒருவருக்கும் காட்ட வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்கோ.